எம்.எஸ்சி. நியூரோசயின்ஸ்: கடன் வாங்குவதற்கு முன் யோசிக்க வேண்டியவை

கேள்வி: தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். அரசு கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல், ஐந்தாம் செமஸ்டர். மூளை ஆராய்ச்சியில் பிஎச்.டி. வரை போக வேண்டும் என்பது ஆசை. ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. நியூரோசயின்ஸ் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு நான்கு லட்சத்துக்கு மேல் ஆகும். அப்பா துறைமுகத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. கடன் வாங்கிக் கட்டிவிடலாம் என்கிறார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேறு பாடம் எடுத்துப் படித்தால் பிறகு நியூரோசயின்ஸுக்குப் போக முடியாதா? பிளஸ் டூவில் எனக்குக் கணக்குப் பாடம் இல்லை. எங்கள் கல்லூரியில் மூளை சம்பந்தமான ஆய்வுக்கூடமும் கிடையாது. இப்போதே என்ன செய்ய ஆரம்பிக்க வேண்டும்?

பதில்: அன்புள்ள வாசகிக்கு, அப்பாவிடம் கடன் பேச்சைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்லுங்கள். பிஎச்.டி.க்கு ஆள் எடுக்கும் குழுவினர் உங்கள் எம்.எஸ்சி. சான்றிதழில் ‘நியூரோசயின்ஸ்’ என்ற சொல் இருக்கிறதா என்று தேடுவதில்லை. மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம், பெங்களூரின் நிம்ஹான்ஸ், தேசிய உயிரியல் அறிவியல் மையம் (என்.சி.பி.எஸ்.), இந்திய அறிவியல் கழகத்தின் நரம்பறிவியல் மையம் என்று எங்கே போய்ப் பார்த்தாலும் விலங்கியல், உயிர்வேதியியல், இயற்பியல், உளவியல், பொறியியல் படித்தவர்கள் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருப்பார்கள். பிஎச்.டி. உதவித்தொகைக்காக எழுதும் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்விலும் நியூரோசயின்ஸ் என்று தனித் தாள் கிடையாது. நீங்கள் எழுதப்போவது லைஃப் சயின்ஸஸ் தாள்தான். ஆகவே வேறு பாடத்தில் எம்.எஸ்சி. படித்தால் கதவு மூடிவிடுமோ என்ற பயம் வேண்டாம்.

நேர்காணலில் அவர்கள் துருவுவது வேறு ஒன்றை. ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, உங்கள் கையாலேயே அளந்து, வந்த எண்ணை நீங்களே சந்தேகப்பட்டுச் சரிபார்த்திருக்கிறீர்களா? இதற்கு எம்.எஸ்சி.யில் இடம் தருவது டிசர்டேஷன் எனப்படும் ஆய்வேட்டுப் பகுதி மட்டும்தான். அதனால் எந்தத் துறையில் சேரும் முன்பும், அங்கே இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒருவரைப் பிடித்து இவற்றைக் கேளுங்கள். ஆய்வேடு எத்தனை மாதம்? ஆறு மாதம் முழுதாகக் கிடைத்தால் நல்லது. வகுப்புகளுக்கு நடுவே இரண்டு மாதம் என்றால் அதில் ஒரு முறையைப் பழகி முடிப்பதே கஷ்டம். மாணவர்கள் எந்தக் கருவியைத் தாங்களே இயக்குகிறார்கள், எதைத் தள்ளி நின்று பார்க்கிறார்கள்? ரசாயனத்துக்கும் ஆன்டிபாடிக்கும் யார் பணம் கட்டுகிறார்கள்? போன வருடம் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? கடைசிக் கேள்விக்கு ‘நிறையப் பேர் வெளிநாட்டில்’ என்று மட்டும் பதில் வந்தால், எந்த ஊர், எந்த ஆய்வுக்கூடம் என்று விடாமல் கேளுங்கள்.

சென்னையில் இன்னொரு விஷயத்திலும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். காசு வாங்கிக்கொண்டு ஆய்வேட்டை முடித்துக் கொடுக்கும் ‘ப்ராஜெக்ட் சென்டர்கள்’ இங்கே ஏராளம். சில துறைகள் மாணவர்களை வழக்கமாகவே அங்கே அனுப்பிவிடுகின்றன. அங்கிருந்து வரும் வேலையில் படங்கள் அழகாக இருக்கும். ஆனால் நேர்காணலில் ‘இந்த அளவு மருந்தை ஏன் கொடுத்தீர்கள்? கன்ட்ரோல் குழுவுக்கு என்ன கொடுத்தீர்கள்?’ என்று இரண்டே கேள்வி கேட்டால் போதும், வேலை யாருடையது என்று தெரிந்துவிடும். பிறகு மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் உதவாது. நீங்கள் சொல்லும் தனியார் பல்கலைக்கழகம் மேலே சொன்ன கேள்விகளுக்கு நேரான பதில் தந்தால் அதையும் பரிசீலிக்கலாம், ஆனால் கடைசி வாய்ப்பாக.

முதல் வாய்ப்பு, சம்பளத்தோடு படிக்கும் ஒருங்கிணைந்த பிஎச்.டி. இளநிலைப் பட்டத்தோடு நேரே சேர்ந்து, எம்.எஸ்சி.யும் பிஎச்.டி.யும் ஒரே இடத்தில் முடிக்கலாம். கல்விக் கட்டணத்துக்குக் கடன் தேவைப்படாது, மாதம் உதவித்தொகையும் உண்டு. இதற்கு இரண்டு தேர்வுகள். இந்திய அறிவியல் கழகத்தின் உயிரியல் ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்கு ஐ.ஐ.டி.கள் நடத்தும் ஜாம் தேர்வு. விண்ணப்பம் செப்டம்பர் வாக்கில் திறக்கும், தேர்வு பிப்ரவரியில். என்.சி.பி.எஸ்., மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் (டி.ஐ.எஃப்.ஆர்.) போன்றவற்றுக்கு ஜே.ஜி.ஈ.ஈ.பில்ஸ் தேர்வு, இது வழக்கமாக டிசம்பரில். இரண்டுக்கும் விண்ணப்பிக்க உங்களுக்கு இப்போது நேரம் இருக்கிறது. இடங்கள் குறைவு, போட்டி கடுமை. அதற்காக எழுதாமல் விட்டுவிடாதீர்கள். இந்தத் தேர்வுகளுக்குப் படிப்பது அப்படியே நெட் தேர்வுக்கும் அடித்தளம் போடும்.

ஜாமில் நீங்கள் எழுத வேண்டியது பயோடெக்னாலஜி தாள். அதில் உயிரியலோடு வேதியியல், இயற்பியல், கணிதமும் பிளஸ் டூ அளவில் வரும். மொத்தம் 60 கேள்வி, 100 மதிப்பெண். சரியான ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் 30 கேள்விகளுக்கு மட்டும்தான் தவறுக்கு மதிப்பெண் குறைப்பார்கள். பல விடைகள் சரியாக இருக்கக்கூடிய 10 கேள்விகளுக்கும், எண்ணைக் கண்டுபிடித்து எழுதும் 20 கேள்விகளுக்கும் குறைப்பு கிடையாது. கணக்கு வரவில்லை என்று அந்தப் பகுதியை வெறுமையாக விட்டுவிட்டு வருகிறார்கள் பலர். எண் கேள்விகளில் ஒன்றையும் விடாமல் முயன்று பாருங்கள், இழப்பு எதுவும் இல்லை.

இரண்டாவது வாய்ப்பு, சென்னைப் பல்கலைக்கழகமே. கிண்டி வளாகத்தில் விலங்கியல் துறை இருக்கிறது. தரமணி வளாகத்தில் அடிப்படை மருத்துவ அறிவியல் துறைகள் இருக்கின்றன. உடலியங்கியலோ உடற்கூறியலோ உயிர்வேதியியலோ நரம்பறிவியலுக்கு நெருக்கமான பாடங்கள். வீட்டிலிருந்தே போய்வரலாம்: கிண்டிக்கு நேராக மெட்ரோ, தரமணிக்குக் கடற்கரை ஸ்டேஷனில் பறக்கும் ரயில். விடுதிச் செலவு மிச்சமாகும். அதோடு இரண்டு வளாகங்களுக்கும் எட்டும் தூரத்தில் ஐ.ஐ.டி. மெட்ராஸ் இருக்கிறது. அங்கே உள்ள சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் மனித மூளையை மெல்லிய சீவல்களாக்கி, செல் செல்லாகத் தெரியும் அளவுக்குப் படமெடுக்கிறது. கருவிலுள்ள குழந்தையின் மூளைப் படத்தொகுப்பை ‘தரணி’ என்ற பெயரில் 2024 டிசம்பரில் எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டது. துறைமுகத்துக்குப் பக்கத்திலிருந்து கிளம்பி ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரும் இடத்தில் இப்படி ஒரு வேலை நடக்கிறது. அந்தப் படங்களை வீட்டிலிருந்தே பார்க்கலாம். நரம்பு உடற்கூறியலைப் படிக்கும்போது பக்கத்திலேயே திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கணக்கு. பிளஸ் டூவில் இல்லாதது தடை ஆகாது. ஆனால் அடுத்த எட்டு மாதத்தில் அதைச் சரிசெய்யாவிட்டால் எம்.எஸ்சி. முதல் செமஸ்டரிலேயே இடிக்கும். தேவைப்படுவது கொஞ்சம்தான்: மடக்கை, அடுக்குக்குறி, வகைநுண்கணிதத்தின் தொடக்கம், நிகழ்தகவு, வெக்டர், மேட்ரிக்ஸ். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் 11, 12ஆம் வகுப்புக் கணித நூல்கள் தமிழிலேயே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. படிக்கிற கணக்கை அன்றைக்கே நரம்பு செல்லில் போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு, செல்லுக்கு வெளியே பொட்டாசியம் 5 மில்லிமோலார், உள்ளே 140. அயனி ஒன்றின் சமநிலை மின்னழுத்தத்தைத் தரும் நெர்ன்ஸ்ட் சமன்பாடு, உடல் வெப்பநிலையில், 61.5 பெருக்கல் 10 அடிமான மடக்கை (5/140). விடை ஏறக்குறைய மைனஸ் 89 மில்லிவோல்ட். ஆனால் ஓய்வில் உள்ள நரம்பு செல்லை அளந்தால் மைனஸ் 65, 70 என்றுதான் வரும். இடைப்பட்ட 20 மில்லிவோல்ட் எங்கே போனது? கொஞ்சம் சோடியம் உள்ளே கசிவதால். நேர்காணலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. மனப்பாடம் செய்தவர்கள் 89 வரை வந்து நின்றுவிடுவார்கள்.

அடுத்து பைத்தான் என்ற நிரல்மொழி. பழைய லேப்டாப் போதும். அதுவும் இல்லையென்றால் கணினி வசதி உள்ள நூலகத்தில் உட்கார்ந்து, இணைய உலாவியிலேயே ஓடும் கூகுள் கோலாபில் எழுதலாம், எதையும் நிறுவ வேண்டியதில்லை. அடிப்படை கற்ற பிறகு முதல் பயிற்சியாக ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி இருவரும் 1952இல் வெளியிட்ட நரம்புச் சமன்பாடுகளைக் கணினியில் ஓட்டுங்கள். மென்படலக் கொள்ளளவு சதுர செ.மீ.க்கு 1 மைக்ரோஃபாரட். உச்ச கடத்துதிறன் சோடியத்துக்கு 120, பொட்டாசியத்துக்கு 36, கசிவுக்கு 0.3 மில்லிசீமன்ஸ். மொத்த நிரலும் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். நேர இடைவெளியை 0.1 மில்லிசெகண்ட் என்று வைத்து நேரத்தைச் சிறு சிறு அடியாக நகர்த்திக் கணக்கிடும் எளிய ஆய்லர் முறையில் ஓட்டினால் எண்கள் தறிகெட்டுப் போகும். சோடியம் கால்வாய்கள் (அயனி மென்படலத்தைக் கடக்கும் வழிகள்) திறக்கும் உச்சத்தில் மின்னழுத்தம் மாறும் வேகத்துக்கு அந்த இடைவெளி மிகப் பெரிது, 0.01 வையுங்கள். இன்னொன்று, மின்னழுத்தம் சரியாக மைனஸ் 40 ஆகும்போது சோடியம் கால்வாயைத் திறக்கும் கதவின் (வாயில்) வேகச் சூத்திரம் பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்கும். வரைபடத்தில் அங்கே ஓட்டை விழும். பொட்டாசியம் வாயிலுக்கும் மைனஸ் 55இல் அதே சிக்கல். அந்தப் புள்ளியில் எல்லை மதிப்பைத் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஓட ஆரம்பித்ததும் சதுர செ.மீ.க்கு 1 மைக்ரோஆம்பியர் கொடுங்கள். ஆக்‌ஷன் பொட்டன்ஷியல் எனும் நரம்புத் துடிப்பு வராது. 10 கொடுங்கள், வரிசையாகத் துடிக்கும். 200 கொடுங்கள், தொடக்கத்தில் துள்ளிவிட்டு அடங்கிவிடும். மின்னோட்டத்தைக் கூட்டினால் ஏன் அடங்குகிறது என்று பார்வையாளர் யாரும் இல்லாமல் உங்களுக்கு நீங்களே விளக்கிப் பாருங்கள். மின்னழுத்தம் மேலேயே தங்கிவிட, சோடியம் கால்வாய்கள் செயலிழந்த நிலையிலிருந்து மீள முடியாமல் போகின்றன. வலிப்பு நோயில் சில செல்கள் இப்படி அடங்கிப்போவதைப் பற்றிப் படிக்கும்போது இது நினைவுக்கு வரும்.

கல்லூரியில் ஆய்வுக்கூடம் இல்லை என்கிறீர்கள். விலங்கியல் துறையில் பைனாக்குலர் நுண்ணோக்கி ஒன்று இருந்தால் பழ ஈ (ட்ரோசோஃபிலா) வளர்க்கலாம். நரம்பறிவியலின் பெரிய கண்டுபிடிப்புகள் சில இந்த ஈயிலிருந்து வந்தவை. வாழைப்பழம் வைத்துப் பிடிக்கும் ஈக்களில் பல இனங்கள் கலந்திருக்கும், அது வேண்டாம். மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் ட்ரோசோஃபிலா இருப்பு மையம் இருக்கிறது, துறைத்தலைவர் கையெழுத்தோடு கடிதம் எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். உணவு லிட்டருக்கு மக்காச்சோள மாவு 70 கிராம், வெல்லம் 70, ஈஸ்ட் 15, அகர் 10 என்ற அளவில் காய்ச்சலாம். பூஞ்சை வராமல் தடுக்கும் ப்ரொப்பியானிக் அமிலம் 4 மி.லி.யைக் கொதிக்கும்போது ஊற்றாதீர்கள், ஆவியாகிப் போய்விடும். 60 டிகிரிக்கு ஆறிய பிறகு கலக்குங்கள்.

இங்கே பெரிய எதிரி நம் ஊர் வெயில். ஈக்கு ஏற்றது 25 டிகிரி. அதில் முட்டையிலிருந்து முழு ஈயாக 10 முதல் 12 நாள். 30 டிகிரிக்கு மேல் போனால் ஆண் ஈக்கள் மலடாகிவிடும், இருப்பு இரண்டு தலைமுறையில் காலி. இன்குபேட்டர் இல்லாவிட்டால் சோதனையை நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். காசிமேட்டில் மீன் ஏற்றும் தெர்மோகோல் பெட்டியில், உறைந்த தண்ணீர் பாட்டிலும் வெப்பமானியும் வைத்து, காலை மாலை எண்ணைக் குறித்து வைத்தால் ஓரளவு சமாளிக்கலாம். அந்தக் குறிப்பேடும் உங்கள் தரவின் பகுதிதான்.

வயதானால் ஈ மேலே ஏறும் திறன் குறைகிறதா என்று பார்க்கும் சோதனை எளிது. 5 நாள் வயது ஈக்கள், 30 நாள் வயது ஈக்கள், குழாய்க்குப் பத்து. வாயோடு வாய் ஒட்டிய இரண்டு காலிக் குழாய்களில் விட்டு, 8 செ.மீ. உயரத்தில் கோடு போட்டு, மேசையில் தட்டிக் கீழே விழவைத்து, 10 நொடியில் எத்தனை ஈ கோட்டைத் தாண்டி ஏறுகிறது என்று எண்ணுங்கள். ஒரு நிமிட இடைவெளியில் ஐந்து முறை. செல்போனில் வீடியோ எடுத்து, குழாயின் பெயரை மறைத்து, தோழி ஒருவரை எண்ணச் சொன்னால் உங்கள் ஆசை எண்ணிக்கையில் கலக்காது. பெண், ஆண் பிரிக்க ஈக்களை மயக்கினால் ஒரு நாள் முழுதும் ஓய்வு கொடுத்த பிறகே ஓட விடுங்கள்; மயக்கம் தெளிந்த மாதிரி தெரிந்தாலும் ஏறுவதில் மந்தம் இருக்கும். தினமும் ஒரே மணி நேரத்தில் செய்யுங்கள், ஈக்கும் பகல் இரவுச் சுழற்சி உண்டு.

இப்போது இந்தப் பதிலில் மிகவும் கவனமாகப் படிக்க வேண்டிய இடம். குழாய்க்குப் பத்து ஈ வீதம், ஒவ்வொரு வயதுக்கும் எட்டுக் குழாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மாதிரி அளவு 80 இல்லை, 8. ஒரே குழாயில் வளர்ந்த ஈக்கள் ஒரே உணவை, ஒரே ஈரத்தைப் பகிர்ந்துகொண்டவை; ஒன்றோடொன்று தொடர்பில்லாத 80 சாட்சிகளாக அவற்றை எண்ணக் கூடாது. குழாயின் ஐந்து முறை சராசரியை ஒரு எண்ணாக எடுத்து, எட்டுக்கு எட்டு ஒப்பிட வேண்டும். மூன்று எலியிலிருந்து தலைக்கு இருபது நரம்பு செல் அளந்துவிட்டு 60 என்று போடுவதும் இதே தவறுதான். அச்சான ஆய்வுக் கட்டுரைகளிலும் இது இருக்கிறது. வித்தியாசமே இல்லாத இடத்தில் வித்தியாசம் இருப்பதாகக் காட்டிவிடும். பி.எஸ்சி. மாணவி ஒருவர் இதைப் புரிந்து சொன்னால் எந்த ஆய்வுக்கூடத் தலைவரும் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார்.

கையில் இந்த ஈ வரைபடமும், பைத்தான் நிரலும் இருந்தால் கோடைப் பயிற்சிக்கு எழுதலாம். இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வு உதவித்தொகை இரண்டு மாதத்துக்கானது. அறிவிப்பு ஆண்டின் கடைசி மாதங்களில் வரும். தனியாகவும் ஆய்வாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஒரே கடிதத்தை நாற்பது பேருக்கு அனுப்புவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. முதல் வரியிலேயே தெரிந்துவிடும், திறந்தவுடன் அழித்துவிடுவார்கள். பத்துப் பேரைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொருவரின் அண்மைக் கட்டுரை ஒன்றையாவது படித்து, அதில் எந்தப் படம் உங்களை யோசிக்க வைத்தது என்று இரண்டு வரி. நீங்கள் செய்ததைப் பற்றி மூன்று வரி, ஒரு வரைபடம். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வரமுடியும். மொத்தம் இருநூறு சொல்லைத் தாண்ட வேண்டாம். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் ஒருமுறை மட்டும் நினைவூட்டலாம். மே மாதப் பயிற்சிக்கு நவம்பரிலேயே எழுதிவிடுங்கள்; ஈ வரைபடம் அதற்குள் தயாராகாவிட்டால் பைத்தான் வரைபடத்தையே அனுப்பலாம்.

பாடத்துக்கு, பர்வ்ஸ் குழுவினரின் நரம்பறிவியல் பாடநூலின் பழைய பதிப்பு, 2001இல் வந்தது, அமெரிக்காவின் என்.சி.பி.ஐ. இணைய நூலகத்தில் இலவசமாகத் தேடிப் படிக்கக் கிடைக்கிறது. அயனிக் கால்வாய், சினாப்ஸ், புலன் அமைப்புகள் பற்றிய அடிப்படை அதில் பெரிதாக மாறிவிடவில்லை. ஆங்கிலம் தடுமாறினால் ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் போதும், ஆனால் படித்ததைத் தமிழில் ஒரு பத்தி எழுதிப் பாருங்கள். எழுத வராத இடம் எதுவோ அது இன்னும் புரியாத இடம்.

வெளிநாடு இப்போதைக்கு யோசனையில் மட்டும் இருக்கட்டும். பிரிட்டனின் ஓராண்டு எம்.எஸ்சி.யில் ஆய்வுக்குச் சில மாதங்களே கிடைக்கும், செலவோ பல லட்சம். ஜெர்மனியில் கோட்டிங்கன் போன்ற இடங்களின் எம்.எஸ்சி., பிஎச்.டி. இணைந்த திட்டங்கள் உங்கள் நோக்கத்துக்கு நன்றாகப் பொருந்தும். இந்தியாவில் படித்தவர்கள் அங்கே போகத் தங்கள் கல்விச் சான்றுகளைச் சரிபார்க்கும் ஏ.பி.எஸ். சான்றிதழ் வாங்க வேண்டும், அதற்கே மாதக்கணக்கில் ஆகலாம்.

அப்பாவிடம் பணக் கணக்கையும் கால அளவையும் மறைக்காமல் பேசிவிடுங்கள். எம்.எஸ்சி. இரண்டு வருடம், பிஎச்.டி. ஐந்து ஆறு வருடம், அதன் பிறகும் நிரந்தர வேலைக்கு முன் சில வருடம் போஸ்ட்டாக் எனும் தற்காலிக ஆய்வுப் பணி. ஆனால் நெட் தேர்வு வழியாக ஜே.ஆர்.எஃப். எனும் ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் பிஎச்.டி.யின் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000; இதைத் தவிர வீட்டு வாடகைப் படியும் உண்டு. ‘வயசு ஆகிடுமே’ என்று உறவினர் யாராவது சொன்னால், ஜே.ஆர்.எஃப். வயது வரம்பு 30 என்றும், பெண்களுக்கு அதற்கு மேல் ஐந்து வருடத் தளர்வு உண்டு என்றும் சொல்லுங்கள். இந்த வருடம் ஜாம் கைகூடாமல் போனால் கிண்டியிலோ தரமணியிலோ சேர்ந்துகொண்டு, எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டில் நெட்டும் ஜே.ஜி.ஈ.ஈ.பில்ஸும் பிஎச்.டி.க்காக மறுபடி எழுதுங்கள்.